அண்ணி சொன்னதும் நான் சொன்னதும்

நவம்பர் 6

இன்றும் கடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாடைக் காற்று ஓயவில்லை. இவர் காலையில் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். சொந்தப் படகு இருக்கிறவர்களுக்கு வலையைப் பிரித்துப் பார்க்கிற வேலையாவது உண்டு. என் வீட்டுக்காரர் தனசேகர் அடுத்தவர் படகில் ஏறிப் போகிறவர். காற்று அடித்தால் தூக்கம்தான். அதுவும் தூக்கம் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கிடப்பது.

நர்சரிப் பள்ளியில் இனி என்னைக் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம். “தேவைப்பட்டா சொல்றோம் மிஸ்.” மிஸ் என்றுதான் கடைசி வரை கூப்பிட்டார்கள், அதில் குறை இல்லை.

மதியம் மகளிர் குழுத் தலைவி ஜமுனாக்கா வந்தார். மீன் விற்கிற பெண்களைப் பற்றி விசாரிக்க வெளியூரில் இருந்து ஒரு அமைப்பு வருகிறதாம். வருகிற அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. “நீதான பொன்னேரி காலேஜ்ல இங்கிலீஷ் படிச்ச. இவங்க சொல்றத அந்தம்மாவுக்குச் சொல்லணும், அந்தம்மா கேக்கறத இவங்களுக்குச் சொல்லணும். அவ்ளோதான் வேல” என்றார்.

அவ்வளவுதான் வேலை. சரி என்றேன்.

நவம்பர் 9

முதல் நாள். அந்த அம்மாவின் பெயர் ஜாக்குலின். கோவாக்காரர். ஐம்பது வயது இருக்கும். மீன் நாற்றத்துக்கு முகம் சுளிக்கவில்லை, தன் வீட்டிலும் இதே வாசம்தான் என்றார்.

வீடு வீடாக ஒரே கேள்வி. வருகிற வருமானம் குடும்பத்துக்குப் போதுகிறதா? போதும் என்று யாரும் சொல்லவில்லை. போதாது என்றும் சொல்லவில்லை. “ஏதோ ஓடுதும்மா.” “இழுத்துகினு போவுது.” “வயித்தக் கழுவறோம்.” ஒருத்தர் ஒன்றுமே சொல்லாமல் கையை விரித்துக் காட்டினார். எல்லாவற்றையும் ‘தே ஆர் மேனேஜிங்’ என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் ஜாக்குலின் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். இத்தனை பேர் இவ்வளவு நேரம் பேசினார்கள், நீ எல்லாருக்கும் ஒரே சொல்லைக் கொடுக்கிறாய். இவர்கள் சமாளிக்கிறார்களா, இல்லை மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறார்களா?

கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் உறைத்தது.

மூன்று வருஷம் ஆங்கில இலக்கியம். அரசர்களின் சாவு, குயிலின் பாட்டு, இலையுதிர் காலம். எல்லாவற்றுக்கும் கட்டுரை எழுதிப் பாஸ் ஆனேன். வயிற்றைக் கழுவுகிறோம் என்பதை எப்படிச் சொல்வது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

நவம்பர் 10

மழை. அந்த அம்மா வரவில்லை. வேலை இல்லாத நாளுக்குச் சம்பளம் உண்டா என்று ஜமுனாக்காவிடம் கேட்கப் போய், மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

நவம்பர் 13

ஆட்டோவில் போகும்போது ஜாக்குலின் சொல்லித் தருகிறார். நானும் பள்ளிப் பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். ‘ஹேண்ட் டு மவுத்’ என்றதும் சந்தோஷமாக இருந்தது. நாமும் கைக்கும் வாய்க்கும் என்றுதானே சொல்கிறோம். ‘ஸ்க்ரேப்பிங் பை’ என்றால் சோற்றுப் பானையின் அடியைக் கரண்டி சுரண்டுகிற சத்தம் கேட்கிறது. ‘மேக்கிங் எண்ட்ஸ் மீட்’, இரண்டு முனையையும் எப்படியாவது இழுத்துச் சேர்ப்பது. எதன் முனை என்று கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஓநாயை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைப்பது என்று ஒன்று இருக்கிறதாம். இங்கே வாசலுக்கு வருவது நாய்தான். அதுவும் கருவாட்டுக்கு.

இங்கிலீஷ்காரர்கள் ஊரிலும் இந்தப் பாடு பட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். இல்லாவிட்டால் இத்தனை சொல் எங்கிருந்து வரும்?

மதியம் ஏரிக்கரை ஊர் ஒன்றில் அம்பிகா என்ற பெண்ணைப் பார்த்தோம். ஏரிக்குள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, முங்கி முங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். காலையில் கற்ற சொல். ஜாக்குலின் எழுதிக்கொண்டார்.

“இன்னா சொன்ன?” என்று அம்பிகா கேட்டார். சொன்னேன்.

“தல தண்ணிக்கு மேல கீதுன்னா அன்னிக்கு எறா இல்லன்னு அர்த்தம்” என்று சொல்லிச் சிரித்தார்.

அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஜாக்குலின் சிரிக்கவில்லை. முன்னால் எழுதியதை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார்.

நவம்பர் 16

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது ஜாக்குலின் கேட்டார். உங்கள் வீட்டில் எப்படி?

‘வீ ஆர் ஃபைன்’ என்றேன்.

கற்றுக்கொண்ட அத்தனை சொல்லில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தால் இவர் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறார். மகள் கீதா பக்கத்தில் உட்கார்ந்து கல்லைத் தனியாக அடுக்கி வீடு கட்டுகிறாள்.

நவம்பர் 18

இன்று ஜெயம்மா அண்ணி வீடு. இவருடைய அக்கா. அடுத்த தெரு.

அண்ணி கரையில் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு பஸ் ஏறிப் போய்ப் பொன்னேரி மார்க்கெட்டில் விற்கிறார். அவர் புருஷன் நீலமேகம் அண்ணனுக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறும். ஜன்னல் ஓரம் கட்டிலில் இருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவருடைய படகு எஞ்சின், சாக்குப் போட்டு மூடியபடி. நல்ல கையால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. எழுந்ததும் கடலுக்குப் போவேன் என்று ஆடியில் சொன்னார், ஐப்பசியிலும் சொன்னார்.

மகள் இளவரசி பி.காம். படித்துக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறையில் பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். விடுமுறை முடிந்தது, அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு இன்னொரு சம்பளம் வேண்டியிருந்தது. அதே பையை மாட்டிக்கொண்டு, அதே பஸ்ஸில்தான் தினமும் போகிறாள். குப்பம் முழுக்கத் தெரியும். அண்ணனுக்கு மட்டும் தெரியாது. தெரியக் கூடாது என்று அண்ணி வீடு வீடாகச் சொல்லி வைத்திருக்கிறார். யாரும் வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிய விஷயம்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஜன்னல் திறந்திருந்தது. ஜாக்குலின் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அதைத் தமிழில் சொன்னேன்.

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. ஆனால் குரல் அந்தப் பக்கம்தான் போயிற்று. “எங்களுக்கு இன்னா கொற? யாவாரம் நல்லா ஓடுது. அவுரு எழுந்து போட்ட கடல்ல எறக்கற வரிக்கும் நான் பாத்துக்கறேன். பொண்ணு காலேஜுக்குப் போவுது. அது படிச்சி முடிச்சிட்டா எனக்கு இன்னா கவல?”

பிறகு என்னைப் பார்த்து, “சொல்லு” என்றார்.

இந்த அமைப்பு கடைசியில் சில பெண்களுக்குப் பெரிய ஐஸ் பெட்டியும் தராசும் கொடுக்கப் போகிறது. அது எனக்குத் தெரியும். குறை இல்லை என்று சொல்கிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அண்ணியின் மீன் பொன்னேரி போவதற்குள் கூடையிலேயே தளர்ந்துவிடுகிறது. தளர்ந்த மீனை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வருகிறார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பார்வை — நீ சரியாகச் சொல்லிக்கொள் என்று சொல்வது போல இருந்தது. அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஆங்கிலத்தில் சொன்னேன். ‘ஷீ இஸ் பேர்லி கெட்டிங் பை.’ வியாபாரம் பாதி நாள் நஷ்டம். படகு ஓடவில்லை. மகள் படிப்பை விட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள், அது உள்ளே இருக்கிற தகப்பனுக்குத் தெரியாது. எல்லாம் சொன்னேன். அண்ணி முகத்தில் புன்னகை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஜாக்குலின் புரிந்துகொண்டு அவரும் புன்னகையை மாற்றாமலே எழுதினார்.

உள்ளே இருந்து அண்ணன் குரல். “இன்னா அர்ச்சனா, எங்கள பத்தி இங்கிலீஷ்ல நல்லா சொன்னியா?”

“சொன்னேண்ணா.”

நவம்பர் 19

தப்பா?

தமிழ் அண்ணனுக்கு, ஆங்கிலம் அந்த அம்மாவுக்கு. ஆளுக்கு வேண்டியது ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை. இவரிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

நவம்பர் 24

ஜாக்குலின் கிளம்பிவிட்டார். பஸ் ஏறும் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, நீ நல்ல மொழிபெயர்ப்பாளர் என்றார். வந்த சம்பளத்தில் கீதாவுக்கு மழைக்கோட்டு. மீதி வந்த வழியே போயிற்று.

டிசம்பர் 2

புயல் கரையைக் கடந்துவிட்டது. எங்களுக்குக் கூரைத் தகரம் ஒன்று போயிற்று. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

டிசம்பர் 12

எழுதவே கை வரல.

புயல் பாதுகாப்பு மையத்தில் விழா. ஜாக்குலின் வரவில்லை, சென்னையில் இருக்கும் அவர்கள் ஆபீஸில் இருந்து ஒரு இளைஞர் வந்திருந்தார். பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. அண்ணிக்கும் ஒன்று. அண்ணி நல்ல புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் இல்லை.

அந்த இளைஞர் அறிக்கையைத் தமிழில் வாசிக்கிறேன் என்றார். ஆங்கிலத்தில் எழுதியதை யாரோ தமிழாக்கி இருக்கிறார்கள். ஆளா, மெஷினா, தெரியாது. “இரு முனைகளையும் சந்திக்க வைக்கப் போராடும் பெண்கள்” என்றார். எந்த முனை, எந்த ஊர் என்று பின்னால் யாரோ கேட்டுச் சிரித்தார்கள். மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் அந்தச் சிரிப்பும் சேர்ந்து கேட்டது.

அப்புறம் — “லட்சுமி மீன் விற்கிறார். அவரது கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். தாங்கள் நன்றாக இருப்பதாகவே லட்சுமி கணவரிடம் கூறி வருகிறார். உண்மையில் அவர்களின் மகள் கல்லூரியை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். தந்தை இதை அறியமாட்டார்.”

பெயரை மாற்றி இருந்தார்கள். பெயரை மட்டும்.

இது புரியாத தமிழ் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் அண்ணி பக்கம் திரும்பியது. அண்ணி திரும்பியது ஸ்பீக்கர் பக்கம். அதன் வாய் அவர்கள் தெருவைப் பார்த்துக் கட்டியிருக்குது. கட்டிலு ஜன்னல் ஓரம். ஜன்னல் தெறந்துதான இருக்கும், எந்நேரமும் தெறந்துதான இருக்கும்.

எழுந்து போயிட்டாங்க. ஓடல. நடந்துதான் போனாங்க. நான் பின்னாலயே போனேன், பாதி தூரம் போய் நின்னுட்டேன். உள்ள போய் இன்னா சொல்றது?

இங்கிலீஷ் யாருக்குத் தெரியப் போவுதுன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்ச பாஷ எனக்குள்ளயே நின்னுடும்னு நெனச்சேனா? எவ்ளோ முட்டாள் நான்.

டிசம்பர் 13

அண்ணி வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பரவாயில்லை.

“நான் உங்கிட்ட இன்னா சொன்னேன்?”

“அண்ணி, உங்களுக்குப் பெட்டி கெடைக்கணும்னுதான்...”

“பொட்டி கேட்டனா உன்ன? நான் சொல்றத சொல்றதுக்குத்தான உன்ன இட்டுனு வந்தாங்க?”

வாசற்படியைத் தாண்டாமல் நின்றபடியே சொன்னார்.

“ஒரு வருசமா அந்த ஆள ஒரு பேச்சுல படுக்க வெச்சினு கீறேன். நம்ம வூடு நல்லா கீது, நீ எழுந்தா போதும்னு. நிம்மதியா கெடந்தாரு. நீ ஒரே நாள்ல எழுப்பி உட்டுட்ட.”

இவர் குறுக்கே வந்து, “அக்கா, அவ வேணும்னா செஞ்சா?” என்றார். அண்ணி இவரைப் பார்க்கவே இல்லை. போய்விட்டார்.

ராத்திரி சோறு வைத்தேன். இவர் சாப்பிட்டார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கிறபோது மட்டும், “நீ எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்” என்றார்.

டிசம்பர் 14

காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஐஸ் பெட்டி. உள்ளே தராசு. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

டிசம்பர் 17

இளவரசி வந்தாள், கடையில் இருந்து நேராக. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பாதம் வீங்கி இருந்தது.

அண்ணன் நாலு நாள் பேசவே இல்லையாம். சோற்றைத் தள்ளி வைத்துவிட்டாராம். அண்ணி கெஞ்சியும் பார்த்தார், திட்டியும் பார்த்தார். சுவரைப் பார்த்தபடி கிடந்தாராம். நேற்று சாயங்காலம் இவள் போய்ப் பையைக் கழற்றி வைத்ததும் கூப்பிட்டாராம்.

“இன்னா கேட்டார்?” என்றேன். படிப்பை ஏன் விட்டாய், ஏன் மறைத்தாய், இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

“கடைல உக்கார உடுவாங்களான்னு கேட்டாரு, அத்த.”

நீட்டிய காலை மடக்கிக்கொண்டு மேலே சொன்னாள்.

“ஸ்டூல் போட்டுதான் வெச்சிருக்காங்க நைனா, உக்காந்தா மேனேஜர் பாப்பாருன்னு சொன்னேன். மதியம் எங்க சாப்புடறன்னு கேட்டாரு. மாடிப்படில உக்காந்துன்னு சொன்னேன். காலக் காட்டச் சொன்னாரு. காட்டனேன். அந்த ஒரு கையால புடிச்சி உட்டாரு.”

அழவில்லை அவள். எனக்குத்தான் அழுகை வந்தது.

“அம்மா உம்மேல கோவமா கீறாங்க. நானும் கோவமாத்தான் கீறேன், அத்த” என்றாள். “ஆனா தெனமும் பஸ்ல இருந்து எறங்கி வர்றப்போ, இன்னிக்கி காலேஜ்ல இன்னா நடந்துச்சின்னு கேப்பாரேன்னு யோசிச்சினே வருவேன். இல்லாத வாத்தியாரு, இல்லாத பரிச்ச. இன்னிக்கி ஒண்ணும் யோசிக்கல.”

டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

டிசம்பர் 20

ஜாக்குலினுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ரொம்ப வருத்தப்பட்டார். பெயரை மாற்றினோமே என்றார். தமிழில் வாசிப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றார். அண்ணிக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்கட்டுமா, நீ மொழிபெயர்ப்பாயா என்றார்.

வேண்டாம் என்றேன்.

அடுத்த கட்டத்துக்கும் நீதான் வர வேண்டும், வேறு யாரையும் நான் நம்ப மாட்டேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்தச் சம்பளம் வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற நிலையில் நாங்கள் இல்லை. சொல்லவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

டிசம்பர் 28

நீலமேகம் அண்ணன் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன், வாசல் வரைக்கும். உள்ளே நுழையத் தைரியம் இல்லை. அண்ணி பின்பக்கம் மீன் கழுவிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தனசேகரு, போட்டு ஒடம்புல ஓட்ட எதுனா விழுந்துகீதா, பாத்தியா?”

“பெருசா ஒண்ணும் இல்ல மாமா. அடில ஒரு எடம் பூசணும்.”

“பூசு. எஞ்சின எடுத்துனு போ. பங்குக்கு ஓட்டு.”

இவர் நின்றுகொண்டே இருந்தார். அந்த எஞ்சினை யாரும் தொட்டது இல்லை. போன வருஷம் இரவல் கேட்டு வந்த ஒருத்தரை அண்ணன் கட்டிலில் இருந்தபடியே திட்டி விரட்டினார்.

“நீங்க எழுந்து...” என்று இவர் ஆரம்பித்தார்.

“எழுந்தா பாக்கலாம். சாக்கு போத்தி வெச்சினு கீறேன். அந்தப் பொண்ணு படிக்கட்டுல குந்தினு சோறு துன்னுது.”

மீன் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

பிறகு அண்ணன், “வெளிய அர்ச்சனாவா? உள்ள வா” என்றார். போனேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையையே பார்த்தேன்.

“அன்னிக்கு கேட்டேனே, நல்லா சொன்னியான்னு. சொன்னேன்னியே.”

நான் தலையை ஆட்டினேன்.

“நல்லாத்தான் சொல்லிகீற” என்றார். கேலியா, நிஜமா, தெரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதால் சிரித்தாலும் சிரிக்காவிட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. “பொட்டி உங்க வூட்லதான கீது? எடுத்தாந்து போடு. போன மானம் போச்சி. பொட்டியாவது வரட்டும்.”

அண்ணி உள்ளே வரவே இல்லை.

ஜனவரி 7

படகைப் பூசி முடித்தாயிற்று. இவரோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்கள். காற்றும் தணிந்துவிட்டது. முதல் நாளாக நேற்று போனார்கள், சொல்லும்படி ஒன்றும் கிடைக்கவில்லை. டீசலுக்கே சரியாகப் போயிற்று. இவர் ஆனாலும் படுக்கவில்லை. வலையை விரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி தெருவில் எதிரே வந்தால் என்னைத் தாண்டிப் பார்க்கிறார்.

ஜனவரி 16

பொங்கல் போயிற்று. இளவரசி மறுபடி கல்லூரியில் சேருவாளா என்று அண்ணன் கேட்கிறாராம், அவள் ஜூன் வரட்டும் என்கிறாளாம். கடையில் பில் போடுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். “அங்க உக்காந்துதான் பில்லு போடணும், அத்த. நின்னா திட்டுவாங்க” என்றாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனை காலம்.

படிப்பு? அது என் வாயால் கேட்கிற கேள்வி இல்லை.

ஜனவரி 25

அண்ணன் கரைக்கு வந்துவிட்டார். இவரும் இன்னொருத்தரும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மணலில் வைத்தார்கள். என் படகு மீனை நான்தான் ஏலம் விடுவேன் என்று பிடிவாதம். பேச்சு குழறுவதால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கம் குனிந்து கேட்கிறார்கள். எங்கள் கரையில் இவ்வளவு அமைதியாக ஏலம் நடந்து நான் பார்த்ததில்லை.

ஒரு மணி நேரத்தில் முகம் வெளுத்துவிட்டது. தூக்கிவந்து படுக்க வைத்தார்கள். அண்ணி வெந்நீர் வைத்துக் காலைத் தேய்த்தபடி, யாரிடம் என்று இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாராம். “படுத்துனு இருந்த மனுசன். ஒக்காந்துனு சாவட்டும்னு இட்டுனு போயிட்டாங்க.” இவர் வந்து சொன்னார்.

அண்ணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் செய்ததில் நல்லது வந்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வந்தது வந்தது. நான் யாரையும் கேட்டுக்கொண்டு செய்யவில்லை.

ஜாக்குலினுக்குப் பதில் அனுப்பினேன். வருகிறேன், ஆனால் அந்தப் பெண்கள் சொல்வதை மட்டும்தான் சொல்வேன், குறை இல்லை என்றால் குறை இல்லை என்றுதான் சொல்வேன், வேறு ஏதாவது தெரிய வேண்டும் என்றால் நீங்கள்தான் அவர்களிடம் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டும். நான்கு வரி. எழுதி எழுதி அழித்தேன்.

பிப்ரவரி 4

இன்று மீன்பாடு பரவாயில்லை. கூடை கூடையாகக் காலா மீன் கொட்டிக் கிடந்தது. நானும் கரைக்குப் போயிருந்தேன், குழம்புக்கு எடுத்து வர.

அண்ணன் நாற்காலியில். எதிரே வியாபாரப் பெண்கள் வட்டமாக, அதில் அண்ணியும். படகில் நாலு பேர் பங்கு இருக்கிறது. வீட்டுக்காரி என்று சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது, கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அண்ணி ஒரு விலை கேட்டார். பக்கத்தில் இருந்தவர் ஏற்றினார். அண்ணி மறுபடி ஏற்றினார், அவர் மறுபடி. அண்ணன் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“வூட்டுக்காரிக்குனு பாக்காதீங்க” என்றார் அந்தப் பெண்.

“யார் பாத்தது?” என்றார் அண்ணன். அண்ணி பக்கம் திரும்பி, “கொறைக்க முடியாது. ஏத்தறியா, உடறியா?” என்றார்.

“யாரு கொறைக்கச் சொன்னா?” என்றார் அண்ணி. ஏற்றினார். ஏலம் அவருக்கே முடிந்தது.

கொடுத்த விலை ஜாஸ்திதான். பொன்னேரியில் அதற்கு மேல் விற்க அரும்பாடு பட வேண்டும். அண்ணிக்கும் அது தெரியும். முணுமுணுத்துக்கொண்டே மீனை அள்ளிக் கூடையில் போட்டு, ஐஸ் தூவி, சாக்கை மூடினார். நாங்கள் திருப்பிக் கொடுத்த ஐஸ் பெட்டி ஏற்கெனவே ஆட்டோவில் ஏறிவிட்டது, மிச்ச மீனுக்குத்தான் இந்தக் கூடை. மற்றப் பெண்கள் அவரவர் கூடையோடு கிளம்பிவிட்டார்கள். அண்ணி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு தூக்கிவிட ஆள் தேடினார். இவர் படகில் இருந்தார். சுற்றிலும் நான்தான்.

என்னைப் பார்த்தார். டிசம்பருக்குப் பிறகு முதல் தடவை.

“பஸ்ஸு பூடும்” என்றார். “ஒரு கை குடு.”

குனிந்து மறுபக்கம் பிடித்தேன். இருவருமாகத் தூக்கி அவர் தலையில் வைத்தோம். கூடையில் இருந்து ஐஸ் தண்ணீர் என் கை வழியாக முழங்கை வரைக்கும் ஓடியது. அவர் கழுத்தை ஒரு தரம் அசைத்துச் சரிபார்த்துக்கொண்டு, திரும்பாமல், மணலில் ரோட்டுப் பக்கம் நடந்து போனார்.